ரயில் பார்சலில் சைக்கிள்: மதிப்பை எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி:
எழும்பூரிலிருந்து மதுரைக்கு என் கியர் சைக்கிளை அனுப்ப வேண்டும். விலை 38,000, எடை 14 கிலோ. மதிப்பை எழுதினால் கூடுதல் கட்டணமாம். தேவையா? மூன்று வருடம் காசு சேர்த்து வாங்கிய வண்டி.

பதில்:
கட்டாயம் எழுதுங்கள். இல்லாவிட்டால், வண்டி தொலைந்தாலோ சேதமானாலோ ரயில்வே தரும் இழப்பீடு அதிகபட்சம் கிலோவுக்கு 50 ரூபாய்தான். உங்கள் வண்டிக்கு 700 ரூபாய்! நல்ல டயர்கூட வாங்க முடியாது.

இன்னொரு பதில்:
நான் காப்பீடு இல்லாமல் ஒரு கூரியரில் அனுப்பினேன். அட்டைப்பெட்டியில் கீறல்கூட இல்லை. உள்ளே பின் கியரைத் தாங்கும் தகடு வளைந்து, கியர் ஆரக்கம்பியில் உரசியது. அழுகையே வந்துவிட்டது. பின் கியரைக் கழற்றிப் பழந்துணியில் சுற்றுங்கள். பெடலையும்தான், இடது பெடலின் மரை மட்டும் எதிர்ப்பக்கம் சுழலும். அப்புறம், கட்டுவதற்கு முன் போட்டோ எடுங்கள்.

கேட்டவர்:
சரி, மதிப்பை எழுதியே அனுப்புகிறேன். பில்லையும் தேடி எடுத்துவிட்டேன்.