பி.காம். படித்தவர் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் தாக்குப்பிடிக்க முடியுமா?

மலர்க்கொடி:
பி.காம். முடித்துவிட்டு எம்.எல்.ஐ.எஸ். (நூலக அறிவியல் முதுகலை) படித்தேன். ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் உதவி நூலகர் வேலைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிளஸ் டூவில்கூட உயிரியல் எடுக்காதவள் நான். பி.ஜி. டாக்டர்கள் வாயில் நுழையாத பெயரைச் சொல்லிக் கட்டுரை கேட்டால் முழிக்க வேண்டியதுதானா?

நூல்வண்டு:
பயப்படாதீர்கள். மருத்துவம் அவர்களுக்குத் தெரியும், தேடத்தான் பலருக்குத் தெரியாது. தீசிஸ் எழுதும் பி.ஜி. வந்து ‘சுகர் பேஷன்ட் கால் புண் பற்றி எல்லாம் வேணும்’ என்பார். எந்த மாதிரி நோயாளி, என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிடுகிறீர்கள், எந்த விளைவைப் பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள், பாதிப் பேருக்குத் தங்கள் தலைப்பே அப்போதுதான் பிடிபடும். அப்புறம் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில், கட்டுரைகளுக்குப் பொருள்தலைப்பு கொடுக்கும் மெஷ் பட்டியலில் பார்த்தால் ‘டயாபெட்டிக் ஃபுட்’ (நீரிழிவால் வரும் கால் பாதிப்பு) என்று தனித் தலைப்பே இருக்கிறது. அதோடு நின்றுவிடாமல் சாதாரணச் சொற்களையும் ‘ஆர்’ (OR, அதாவது ‘அல்லது’) போட்டுச் சேர்த்துத் தேட வேண்டும், ஏனென்றால் எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் தலைப்பு போட்டிருக்க மாட்டார்கள்.

தெற்குச்சீமை:
மேலே சொன்னது சரிதான், ஆனால் நாள் முழுக்க இதுதான் வேலை என்று நினைத்துப் போகாதீர்கள். இன்ஸ்பெக்‌ஷன் வரும் வாரத்தில் அக்செஷன் ரெஜிஸ்டரும் (நூலகத்துக்கு வந்த நூல்களின் பதிவேடு) பில் ஃபைலும்தான் உங்கள் உலகம். நேர்காணலில் என்னென்ன ஜர்னல், டேட்டாபேஸ் வாங்குகிறீர்கள் என்று நீங்களே கேளுங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்’ என்ற ஜர்னல் சந்தாத் திட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியார் கல்லூரி சந்தாவில் கை வைத்தால் டாக்டர்களின் எரிச்சல் முழுக்க உங்கள் மேஜைக்குத்தான் வரும்.

அடுக்குமல்லி:
எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. கொஞ்சமாவது பாடம் தெரியாமல் காலம் தள்ள முடியாது. அதற்கு மெஷ் பட்டியலையே பாடப்புத்தகமாக வைத்துக்கொள்ளலாம், எந்த நோய் எதன் கீழ் வருகிறது என்று கிளை கிளையாகப் பிரித்துப் போட்டு, பெரும்பாலானவற்றுக்குச் சின்ன விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள்.

மலர்க்கொடி:
நன்றி. அதற்குக் கட்டணம் உண்டா?

நூல்வண்டு:
கிடையாது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, மெஷ், பப்மெட் இரண்டுமே இலவசம். ஆனால் பப்மெட்டில் பெரும்பாலும் சுருக்கம்தான் இருக்கும். முழுக் கட்டுரைக்கு முதலில் இலவச முழுக்கட்டுரைக் களஞ்சியமான பப்மெட் சென்ட்ரலில் பாருங்கள், இல்லாவிட்டால் எழுதியவருக்கே மெயில் போடுங்கள், பலர் அனுப்பிவிடுவார்கள்.