புதுப்பிப்பு: ஏடிஆர் 72 எஞ்சின் கரகரப்பு, காரணம் பிடிபட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: கணினியில் ஓட்டும் ஃப்ளைட் சிமுலேட்டருக்காகக் காசு கொடுத்து வாங்கிய ஏடிஆர் 72-600 விமான ஆட்-ஆனில் (தனியாகச் சேர்த்துக்கொள்ளும் மென்பொருள்) மட்டும் எஞ்சின் ஒலி பழைய டெலிபோனில் கேட்பதுபோல் நசுங்கி, கரகரவென்று வருகிறது, செஸ்னா 172 விமானத்தில் அப்படி இல்லை. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆட்-ஆனை இரண்டு முறை அழித்துத் திரும்பப் போட்டேன், ஒலி டிரைவரையும் மாற்றினேன். பலனில்லை.

நேற்று ராத்திரி வாட்சிமில் (சிமுலேட்டர் ஓட்டுபவர்கள் ஆன்லைனில் மைக்கில் பேசிக்கொண்டே சேர்ந்து பறக்கும் நெட்வொர்க்) இணையாமல் ஏடிஆரைக் கிளப்பினேன். சுத்தமான ஒலி! பிறகு வாட்சிமுக்கான மென்பொருளைத் திறந்தேன். காதில் 'டொக்' என்று ஒரு சத்தம், அடுத்த நொடியே ஒலி நசுங்கிவிட்டது.

விஷயம் ப்ளூடூத் ஹெட்செட்டில் இருக்கிறது. ஒலி மட்டும் கேட்கும்போது ஏ2டிபி என்ற, இசை கேட்பதற்கான ப்ளூடூத் முறையில் ஸ்டீரியோ வருகிறது. ஏதாவது மென்பொருள் அதன் மைக்கைத் திறந்தால் போன் பேசுவதற்கான ஹேண்ட்ஸ்-ஃப்ரீ முறைக்கு மாறி, மோனோவாக, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டுக்கு (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) இறங்கிவிடுகிறது. ஏடிஆரை எப்போதும் ஆன்லைனில்தான் ஓட்டுவேன், செஸ்னாவை ஆஃப்லைனில். அதனால்தான் ஆட்-ஆன் மேல் சந்தேகம் வந்தது. அதைச் செய்தவர்களைக் குறை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

விண்டோஸில் ஹெட்செட்டின் ஹேண்ட்ஸ்-ஃப்ரீ டெலிபோனியை அணைத்தேன். பேசுவதற்குத் தனி யுஎஸ்பி மைக். இப்போது ஏறும்போது புரொப்பெல்லர் சுழலும் வேகம் 100%-இலிருந்து 82%-க்கு இறங்க, அந்த உறுமல் தணிவது அவ்வளவு அழகாகக் கேட்கிறது.

ப்ளூடூத் வைத்திருப்பவர்கள் முதலில் மைக்கைத் திறக்காமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.