கைட்டோசானும் ஆல்ஜினேட்டும் சேர்த்தா திரிஞ்சு போகுது, உதவுங்க

காசிமேட்டுப் பையன்:
எம்.எஸ்சி. புராஜெக்ட், காயத்துக்குப் போடுற ஹைட்ரோஜெல் (தண்ணியைப் பிடிச்சு வைக்கிற ஜெல்) ஷீட். காசிமேட்டுல இறால் ஓடு வாங்கி நானே கைட்டோசான் எடுத்தேன் (அந்த நாத்தத்துக்கு வீட்ல வாங்கின திட்டு தனிக்கதை). 1% அசிட்டிக் ஆசிட்ல 1% கைட்டோசான் தெளிவா கரையுது. 2% சோடியம் ஆல்ஜினேட் (கடல்பாசியில இருந்து எடுக்கிறது) மட்டும் லேசா கட்டி கட்டியா இருக்கு. ரெண்டையும் ஊத்தினா எலுமிச்சை பிழிஞ்ச பால்தான். ஸ்டிரரை வேகமாக்கினா நார் நாரா வருது. மூணு தடவை போச்சு.

பாலிமர் அக்கா:
உன் கைராசி இல்லப்பா. ஆசிட்ல கைட்டோசானோட அமீனுக்கு பிளஸ் சார்ஜ், ஆல்ஜினேட்டோட கார்பாக்சிலேட்டுக்கு மைனஸ். பார்த்த நொடியே ஒட்டிக்கும், எவ்வளவு கலக்கினாலும் பிரியாது. அதனால கைட்டோசானை முதல்ல கரைக்காதே. நைசா அரைச்சுச் சலிச்சு, பொடியாவே ஆல்ஜினேட் கரைசல்ல தூவிக் கலக்கு. பிஎச் 7-ல அது கரையாது. அப்புறம் ஜிடிஎல் (குளுக்கோனோ டெல்டா லாக்டோன்) போட்டு உடனே பெட்ரி டிஷ்ல ஊத்திடு. டோஃபு உறைய வைக்கிற அதே பொருள்தான். தண்ணியில மெதுவா குளுக்கோனிக் ஆசிடா மாறும். பிஎச் 6-க்குக் கீழ இறங்க இறங்க, கைட்டோசான் இருந்த இடத்துலயே கரைஞ்சு பக்கத்து ஆல்ஜினேட்டைப் பிடிச்சுக்கும். தயிருக்கு உறை ஊத்தின மாதிரி, அசைக்காம விடு. ஜிடிஎல் அளவைச் சின்ன பாட்டில்ல பார்த்துக்கோ. பிஎச் 4-க்குக் கீழ போனா ஆல்ஜினேட்டோட சார்ஜே குறைஞ்சிடும்.

கொருக்குப்பேட்டை:
தம்பி, ஆல்ஜினேட்டை எந்தத் தண்ணியில கரைச்சே?

காசிமேட்டுப் பையன்:
டிஸ்டில்ட் வாட்டர் தீர்ந்துபோச்சு அண்ணா. போர் தண்ணி.

கொருக்குப்பேட்டை:
அடப்பாவி! எங்க வீட்டு போர் தண்ணியில பருப்பே வேகாது. அதுல இருக்கிற கால்சியம் முன்னாடியே ஆல்ஜினேட்டைக் கோர்த்துடுச்சு. உன் கட்டிக்குக் காரணம் அதான்.

காசிமேட்டுப் பையன்:
ஷீட் வந்துடுச்சு அக்கா! பலத்துக்காக கால்சியம் குளோரைடுல முக்கினேன். ஆனா எவ்வளவு தண்ணி இழுத்து வீங்குதுன்னு பார்க்க பிபிஎஸ்ல (பாஸ்பேட் சேர்த்த உப்புக் கரைசல்) போட்டா மறுநாள் கொழகொழன்னு ஆயிடுது.

பாலிமர் அக்கா:
பாஸ்பேட் கால்சியத்தைப் பிடுங்கிக்கும், அந்த இடத்துக்குச் சோடியம் வந்துடும். கொஞ்சம் கால்சியம் குளோரைடு சேர்த்த ஹெப்பஸ் இல்லாட்டி டிரிஸ் பஃபர்ல (பாஸ்பேட் இல்லாம பிஎச்சை நிலையா வைக்கிற கரைசல்) பாரு. பிபிஎஸ் ரிசல்ட்டையும் மறைக்காம எழுது, காயத்து நீர்லயும் சோடியம் நிறைய இருக்கு. செல் டெஸ்ட்டுக்கு முன்னாடி ஆசிட் போற வரைக்கும் கழுவு. இல்லேன்னா ஆசிட்டால செல் செத்ததுக்கு ஜெல்லைத் திட்டுவே.

காசிமேட்டுப் பையன்:
ஹெப்பஸ் இல்ல, டிரிஸ் இருக்கு. திங்கக்கிழமை போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்.