ரயில் மாடலுக்கு மேசை: கிட் வாங்கவா, நானே அடிக்கவா?

பேஸ்மென்ட்_ரயில் (பிராம்டன், கனடா):
வணக்கம். ஹெச்ஓ அளவில் (1:87, நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு) ஒரு மாடல் ரயில் லேஅவுட் (தண்டவாள அமைப்பு). 4-க்கு 8 அடி, 12 மி.மீ. பிளைவுட்டை இரண்டு மடக்கு மேசைமேல் வைத்துத் தண்டவாளம் ஒட்டினேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. இப்போது பலகை நடுவில் தொய்ந்துவிட்டது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கடைசி இரண்டு பெட்டிகள் கழன்று நின்றுவிடுகின்றன. எல்லாவற்றையும் பிரித்துவிட்டுக் கீழிருந்து தொடங்கப்போகிறேன். வெட்டி, துளை போட்டு வரும் ரெடிமேட் கிட் நல்லதா, மரம் வாங்கி நானே அடிப்பதா? கையில் இருப்பது ஒரு டிரில் மட்டும். வாடகை வீடு, அடுத்த வருடம் மாறினாலும் மாறுவோம்.

மரத்தூள்:
பிரிக்கும் முன் ஒரு பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்துக் கையை எடுங்கள். எந்தப் பக்கம் வைத்தாலும் நடுவுக்கு ஓடினால் பலகைத் தொய்வு. எங்கே வைத்தாலும் ஒரே மூலைக்கு ஓடினால் தரையைச் சந்தேகப்படுங்கள்.

நானாக இருந்தால் நானே அடிப்பேன். 1×4 மரத்தில் சுற்றுச்சட்டம், குறுக்கே 16 அங்குலத்துக்கு ஒரு கட்டை, அவ்வளவுதான். (1×4 என்பது பெயருக்குத்தான், அளந்தால் முக்கால் அங்குலத்துக்கு மூன்றரை. கணக்குப் போடும்போது ஏமாந்துவிடாதீர்கள்.) நீளம் சொன்னால் பெரிய மரக்கடைகளில் வெட்டித் தருவார்கள், ரம்பம் தேவைப்படாது. ஒவ்வொரு கட்டையையும் கண்ணோடு வைத்து மறுமுனை வரை பார்த்து எடுங்கள். பத்தில் நாலையாவது நான் திருப்பி வைத்துவிடுவேன். வாங்கிய கையோடு அடிக்கவும் வேண்டாம். இடையிடையே குச்சி கொடுத்து அடுக்கி, ஒரு வாரம் பேஸ்மென்டிலேயே கிடக்கட்டும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடினால் மரம் சுருங்கும், முறுக்கவும் செய்யும்.

இரவு_வண்டி:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் அவருக்குக் கை பழகியிருக்கிறது. நான் முதலில் அடித்த சட்டம் மூலைமட்டத்துக்கே வரவில்லை. வார இறுதிகள் எல்லாம் அதிலேயே போயின. அடுத்து வாங்கிய கிட்டை ஒரே மதியத்தில் முடுக்கி முடித்தேன். காசு கூடத்தான்.

எதை வாங்கினாலும் அகலத்தை முதலில் முடிவு செய்யுங்கள். 18 அங்குல ஆர வளைவுக்கு ஓரத்தில் விடும் இடமும் சேர்த்து 40 அங்குலமாவது வேண்டும். ஆனால் 30 அங்குலத்துக்கு அப்பால் கை எட்டாது. 4 அடி மேசையைச் சுவரோடு ஒட்டினால், மூலையில் கவிழ்ந்த வண்டியை எடுக்க மேசைமேல் ஏறவேண்டியதுதான். ஏறியிருக்கிறேன்.

மரத்தூள்:
வீடு மாறுவதாக இருந்தால் 4-க்கு 4 அடியில் இரண்டு துண்டாகப் பண்ணுங்கள். இரண்டுக்கும் நடுவே போல்ட் மட்டும், பசை கூடாது. சேருமிடத்தில் தண்டவாளத்தையும் வெட்டிவிடுங்கள்.

பேஸ்மென்ட்_ரயில்:
பெட்டியை வைத்துப் பார்த்தேன். நடுவுக்குத்தான் ஓடியது, ஆனால் அங்கே நிற்காமல் சுவர்ப் பக்கம் மெல்ல நகர்ந்தது. ரசமட்டம் வைத்தால், தரை முழுவதும் வடிகால் பக்கம் சரிந்திருக்கிறது! 8 அடிக்குள் ஏறக்குறைய ஓர் அங்குலம்.

மரத்தூள்:
அப்படியென்றால் கிட்டோ சொந்த வேலையோ, காலுக்கு அடியில் திருகி உயர்த்தும் போல்ட் கட்டாயம்.

பேஸ்மென்ட்_ரயில்:
சரி, 4-க்கு 4 இரண்டு, நானே அடிக்கிறேன். கட்டைகளைக் கடையில் வெட்டிக்கொள்கிறேன். வெள்ளைப் பசையில் ஒட்டிய தண்டவாளம் உடையாமல் வருமா?

இரவு_வண்டி:
வரும். வெந்நீர் தெளித்து அரைமணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய பட்டைக் கத்தியை அடியில் நுழைத்து நகர்த்துங்கள். பாயின்ட் மோட்டார்மேல் (வண்டியைத் தடம் மாற்றிவிடும் மோட்டார்) மட்டும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.