ஹென்றி, வாடில் இருவரையும் கொடுத்து லாமை வாங்கலாமா? நாளை மதியம் வரைதான் நேரம்

பிளேனோ புதியவன் · 21 ஆகஸ்ட் 2024, இரவு 10:52
வணக்கம், கொஞ்சம் அவசரம். ஆபீஸ் ஃபேன்டசி ஃபுட்பால் லீக்கில் (நிஜ அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர்களை வைத்து நாம் டீம் அமைப்போம், அவர்கள் களத்தில் எடுப்பது நமக்குப் புள்ளி) ஒருத்தர் டல்லாஸ் ரிசீவர் (பந்தைப் பிடிப்பவர்) சிடி லாமைத் தருகிறேன் என்கிறார். பதிலுக்கு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) டெரிக் ஹென்றி, ரிசீவர் ஜேலன் வாடில் இரண்டு பேரையும் கேட்கிறார். ஆஃபர் நாளை மதியத்தோடு முடிந்துவிடும். லாம் புது ஒப்பந்தம் கேட்டு இன்னும் டீமின் பயிற்சி கேம்புக்கே வரவில்லை, அதனால் என் தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்று பயமாக இருக்கிறது. சரி சொல்லலாமா, வேண்டாமா?

சிகாகோ குளிர் · இரவு 11:04
எத்தனை பேர் லீக்? பி.பி.ஆரா (ஒவ்வொரு கேட்சுக்கும் புள்ளி), இல்லையா?

நியூஜெர்சி அக்கா · இரவு 11:09
தம்பி, உங்கள் டீமில் மற்றவர்கள் யார் யார்? ஒவ்வொரு வாரமும் எத்தனை பேரை இறக்கலாம்? அடுத்த வருடத்துக்கும் ஆட்களை வைத்துக்கொள்ளும் கீப்பர் லீகா, இந்த சீசனோடு முடிகிறதா? இதெல்லாம் தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது.

நான்காம் டவுன் · இரவு 11:15
புதியவரே, ஆகஸ்ட் வந்தாலே இந்த மாதிரிக் கேள்விகள் வந்துவிடுகின்றன. ஸ்கோரிங் என்ன என்று சொல்லாமல் ட்ரேட் பற்றிக் கேட்பது, எந்த ஊருக்கு என்று சொல்லாமல் வழி கேட்கிற மாதிரி. லீக் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ரிசப்ஷன்ஸ் (கேட்ச்) என்ற வரிக்கு எதிரே 1 இருக்கிறதா, 0.5 இருக்கிறதா, 0 இருக்கிறதா என்று பாருங்கள். அதைக்கூடப் பார்க்காமல் டிராஃப்டில் (ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில்) உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் லாம் வந்தும் உங்களைக் காப்பாற்ற மாட்டார்.

பெர்சி பழையவர் · இரவு 11:21
ஸ்கோரிங் எதுவாக இருந்தாலும் ஹென்றியைத் தள்ளிவிடுங்கள். ஜனவரியில் 30 வயது முடிந்துவிட்டது. இதுவரை 2000 தடவைக்கு மேல் பந்தைத் தூக்கிக்கொண்டு மோதிய உடம்பு. அதோடு புது டீம். டிமார்கோ முர்ரே 2014இல் டல்லாஸில் 1845 யார்டு ஓடினார், அடுத்த வருடம் ஃபிலடெல்ஃபியா போய் 702தான். ரன்னிங் பேக் கீழே விழும்போது படிப்படியாக விழுவதில்லை, ஒரே வருடத்தில் போய்விடும்.

சிகாகோ குளிர் · இரவு 11:30
பெர்சி சார், ஏட்ரியன் பீட்டர்சன் 2015இல் 30 வயதில் 1485 யார்டு ஓடி லீக்கிலேயே முதலிடம். வயதை மட்டும் பார்க்கக்கூடாது, எந்த டீமுக்குப் போகிறார் என்பதையும் பார்க்கவேண்டும். போன வருடம் ஓட்டத்தில் அதிக யார்டு எடுத்த டீம் ரேவன்ஸ்தான். அங்கே கஸ் எட்வர்ட்ஸ் 13 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டுவது) ஓடினார். அவர் சார்ஜர்ஸுக்குப் போய்விட்டார், அந்த இடத்துக்குத்தான் ஹென்றி வருகிறார். அங்கே குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்) லாமர் ஜாக்சனும் ஓடுவார் என்பதால் எதிர் டிஃபென்ஸ் ஹென்றி மேல் மட்டும் கண் வைக்க முடியாது. லாமர் அளவுக்கு ஓடுகிற குவாட்டர்பேக் டென்னசியில் அவருக்கு இருந்ததில்லை.

ஹூஸ்டன் வெயில் · இரவு 11:41
எல்லோரும் ஹென்றியைப் பற்றிப் பேசுகிறீர்கள், பிரச்சினை லாம்தான். 2018இல் ஒப்பந்தத் தகராறில் பிட்ஸ்பர்க் ரன்னிங் பேக் லெவியான் பெல் என்ன செய்தார்? எல்லோரும் முதல் மூன்று இடத்துக்குள் எடுத்த ஆள். வந்துவிடுவார், வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். வருடம் முழுக்க ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கையெழுத்துப் போடாத ஆளுக்காக இரண்டு பேரைக் கொடுக்கவே கூடாது.

நான்காம் டவுன் · இரவு 11:48
பெல் கதையை இங்கே இழுக்காதீர்கள், அது வேறு விஷயம். டல்லாஸ் வரலாறு தெரிந்தால் போதும். 2019இல் எசெக்கியல் எலியட் கேம்புக்கே வரவில்லை. சீசன் தொடங்கும் வாரத்தில் ஒப்பந்தம் போட்டார்கள். 16 ஆட்டமும் ஆடி 1357 யார்டு, 12 டச்டவுன். அதற்கு முன் 1993இல் எம்மிட் ஸ்மித் இரண்டு ஆட்டம் வெளியே இருந்தார். இரண்டிலும் டீம் தோற்றது, உடனே பணம் கொடுத்தார்கள். அந்த வருடம் எம்.வி.பி. (சிறந்த ஆட்டக்காரர்) அவர்தான், சூப்பர் பௌல் கோப்பையும் அவர்களுக்குத்தான். கடைசி நேரம் வரை இழுப்பது அந்த டீமின் பழக்கம். ஆனால் கொடுக்காமல் விடமாட்டார்கள்.

நியூஜெர்சி அக்கா · இரவு 11:57
ஹூஸ்டன், பணத்தைப் பார்த்தாலும் லாம் வருவார் என்றுதான் தெரிகிறது. 2020இல் நிஜ டிராஃப்டில் 17ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், இது அவருக்கு ஐந்தாவது வருடம், சம்பளம் சுமார் 1.8 கோடி டாலர். அதை 18 வாரமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒரு வாரம் ஆடாமல் இருந்தால் பத்து லட்சம் டாலர் போய்விடும். மினசோட்டா ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு ஜூனில் நான்கு வருடத்துக்கு 14 கோடி டாலர் கொடுத்தார்கள். லாம் கேட்பது அதற்குப் பக்கத்தில் ஒரு தொகை. அதைத் தரமுடியாது என்று அந்த டீம் சொல்லும் நிலையில் இல்லை. செப்டம்பர் 8 கிளீவ்லாந்து ஆட்டத்துக்கு வந்துவிடுவார் என்பது என் எண்ணம்.

கணக்குப்பிள்ளை · 22 ஆகஸ்ட், காலை 12:36
பி.பி.ஆரா இல்லையா என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ஒரு ட்ரேடில் அது முடிவை மாற்றவில்லை, போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

போன வருடம் ஹென்றி 1167 யார்டு ஓட்டம், 12 டச்டவுன், 28 கேட்ச், அதில் 214 யார்டு. வாடில் 72 கேட்ச், 1014 யார்டு, 4 டச்டவுன். 10 யார்டுக்கு ஒரு புள்ளி, டச்டவுனுக்கு 6. கேட்சுக்குப் புள்ளியே இல்லாத லீக்கில் இருவரும் சேர்ந்து 335.5. அரைப் புள்ளி என்றால் 385.5. முழுப் புள்ளி என்றால் 435.5.

லாமுக்கு 2023ஐ எடுக்கவில்லை. 135 கேட்ச், 1749 யார்டு, 12 டச்டவுன் என்பது அவர் ஆடியதிலேயே உச்சம். உச்சத்துக்கு விலை கொடுத்து யாரையும் வாங்கக்கூடாது. 2022ஐ எடுத்தேன்: 107 கேட்ச், 1359 யார்டு, 9 டச்டவுன். அதே வரிசையில் 189.9, 243.4, 296.9.

இப்போது கழித்துப் பாருங்கள். 145.6, 142.1, 138.6. ஸ்கோரிங் எதுவானாலும் வித்தியாசம் 140ஐச் சுற்றியே நிற்கிறது. காரணம், லாமின் 107 கேட்சுக்கு எதிரே மற்ற இருவரும் சேர்ந்து சரியாக 100 கேட்ச்.

இரண்டு பேர் போய் ஒருவர் வந்தால் ஓர் இடம் காலியாகிறது. அந்த இடத்தில் உங்கள் பெஞ்சிலிருந்து யார் இறங்குவார், அவர் சீசனில் 140 எடுப்பாரா? எடுப்பார் என்றால் வாங்குங்கள், இல்லையென்றால் விடுங்கள். முழு டீமையும் எழுதுங்கள் நண்பரே, மற்றதெல்லாம் அப்புறம்.

நான்காம் டவுன் · காலை 12:50
ஒருவருக்கு 2022, மற்ற இருவருக்கும் 2023 என்று எடுத்தால் அது கணக்கா?

கணக்குப்பிள்ளை · காலை 12:58
வேண்டுமென்றுதான் அப்படி எடுத்தேன். லாமுக்குப் பாதகமாக வைத்துப் பார்த்தும் ட்ரேட் நின்றால், நம்பி இறங்கலாம். 2023ஐ வைத்தால் அரைப் புள்ளி லீக்கில் அந்த 142 பாதியாகி 71க்கு வந்துவிடும். அப்போது வேவரில் (யாரும் எடுக்காத ஆட்கள் பட்டியலில்) கிடைக்கும் ஆளே போதும், கேள்வியே எழாது.

பெர்சி பழையவர் · காலை 7:12
இருவரைக் கொடுத்து ஒருவரை வாங்குவதே தப்பு என்று சொல்ல ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1989 அக்டோபரில் ஹெர்ஷல் வாக்கர் ஒரே ஆளுக்காக மினசோட்டா ஒரு கூட்டம் ஆட்களையும் டிராஃப்ட் இடங்களையும் கொடுத்தது. அவற்றைக் கொண்டுதான் டல்லாஸ் எம்மிட் ஸ்மித்தை எடுத்தது, டேரன் வுட்சனை எடுத்தது, கோப்பைகளை வென்றது. நட்சத்திரத்தை வாங்கியவன் ஏமாந்தான், நிறையப் பேரை வாங்கியவன் ஜெயித்தான்.

சிகாகோ குளிர் · காலை 7:40
சார், அது நிஜ டீம். அங்கே 53 பேர் வேண்டும், களத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 22 பேர் தொடர்ந்து ஆடுகிறார்கள். அதனால் எண்ணிக்கைக்கு மதிப்பு இருக்கிறது. இங்கே இறக்குவது ஒன்பது பேர். ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு உயரம் போகமுடியும் என்பதுதான் முக்கியம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற நல்ல ஆட்டக்காரருக்குப் புள்ளியே கிடையாது. வாக்கர் ட்ரேடை ஃபேன்டசிக்குப் பொருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெர்சி பழையவர் · காலை 7:52
காயம் வந்தால் தெரியும், எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டா இல்லையா என்று.

பிளேனோ புதியவன் · காலை 8:20
எல்லோருக்கும் நன்றி, மீட்டிங்குக்கு நடுவில் எழுதுகிறேன். 10 பேர் லீக். ரிசப்ஷன்ஸ் 0.5 என்று இருக்கிறது. கீப்பர் இல்லை. ரன்னிங் பேக்: ஹென்றி, கைரன் வில்லியம்ஸ், ஜேம்ஸ் கானர். ரிசீவர்: ஏமன்-ரா செயின்ட் பிரவுன், வாடில், டெரி மெக்லாரின். குவாட்டர்பேக் ஜோர்டன் லவ், டைட் எண்ட் எவன் எங்க்ரம். கானர் உள்ளே வந்துவிடுவார், அப்படியானால் சரி என்றுதானே அர்த்தம்?

நியூஜெர்சி அக்கா · காலை 8:31
தம்பி, பொறுங்கள். ஃப்ளெக்ஸ் இடம் (ரன்னிங் பேக், ரிசீவர் யாரையும் இறக்கக்கூடிய இடம்) இருக்கிறதா? இருந்தால் கானர் ஏற்கெனவே அங்கே ஆடிக்கொண்டிருப்பார். அவரைப் பெஞ்ச் ஆள் என்று எண்ணக்கூடாது.

பிளேனோ புதியவன் · காலை 8:33
ஃப்ளெக்ஸ் ஒன்று இருக்கிறது.

கணக்குப்பிள்ளை · காலை 8:55
அக்கா கேட்டதுதான் கேட்கவேண்டிய கேள்வி. கானர் ஃப்ளெக்ஸிலிருந்து ஹென்றி இடத்துக்கு நகர்வார். ஃப்ளெக்ஸில் இறங்குபவர் மெக்லாரின். ஆக, புதிதாக உள்ளே வருவது மெக்லாரின்தான். போன வருடம் அவர் 79 கேட்ச், 1002 யார்டு, 4 டச்டவுன். அரைப் புள்ளிக் கணக்கில் 163.7. தேவை 142.1. மோசமாக வைத்துப் பார்த்த கணக்கிலேயே 21 புள்ளி மிச்சம், அதாவது வாரத்துக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. லாம் 2022 அளவிலிருந்து 2023 அளவை நோக்கிப் பாதி தூரம் போனாலும் அந்த மிச்சம் பெரிதாகிவிடும். மெக்லாரினும் நான்கு வருடமாகத் தொடர்ந்து ஆயிரம் யார்டு தாண்டுகிறவர், இந்த வருடம் ஜேடன் டேனியல்ஸ் என்ற புதுக் குவாட்டர்பேக் அவருக்குப் பந்து போடப்போகிறார்.

இன்னொன்று. ஹென்றியின் ரேவன்ஸுக்கு 14ஆம் வாரம் பை (ஆட்டம் இல்லாத வாரம்). பெரும்பாலான லீக்குகளில் அதுதான் பிளேஆஃபுக்கு முந்தின வாரம். அந்த வாரம் உள்ளே போவதா வெளியே போவதா என்ற நிலையில் இருந்தால் ஹென்றி இல்லாமல் திண்டாடியிருப்பீர்கள். நான் வாங்குவேன்.

ஹூஸ்டன் வெயில் · காலை 9:10
கானரை நம்பியா? வருடா வருடம் சில ஆட்டம் வெளியே உட்காருகிற ஆள். ஒரு விஷயம் கவனித்தீர்களா, 2018இல் பெல் வராதபோது அந்த இடத்தில் ஆடி 12 டச்டவுன் ஓடியவர் இதே கானர்தான். ஹோல்டவுட்டில் (ஒப்பந்தத்துக்காக ஆடாமல் இருப்பதில்) லாபம் பார்க்கிறவர் எப்போதும் பின்னால் நிற்கிற ஆள்.

நான்காம் டவுன் · காலை 9:26
இந்த ட்ரேட் நடந்தாலும் மற்றவர்கள் ஓட்டுப் போட்டு வீட்டோ செய்வார்கள், பாருங்கள். 10 பேர் ஆபீஸ் லீக்கில் அதுதான் நடக்கும். யாராவது பலமாகிவிடுகிறார்கள் என்றாலே தடுப்பார்கள்.

சிகாகோ குளிர் · காலை 9:38
வீட்டோ ஓட்டு என்பதையே எடுத்துவிடவேண்டும் என்பது என் கருத்து. இரண்டு பேர் சேர்ந்து ஏமாற்றினால் மட்டும் லீக்கை நடத்தும் கமிஷனர் தலையிடட்டும். ஒருவர் தவறாகக் கணித்தால் அது அவர் உரிமை. போட்டி டீம் பலமாகக்கூடாது என்று ஓட்டுப் போடுவது ஆட்டத்தையே கெடுக்கிற வேலை.

நான்காம் டவுன் · காலை 9:51
கமிஷனரும் ஒரு டீம் வைத்திருப்பவர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். அவர் தன் டீமுக்கு வசதியாக முடிவெடுத்தால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? ஓட்டு இருந்தால் குறைந்தபட்சம் ஒரே ஆள் கையில் எல்லாம் இல்லை.

நியூஜெர்சி அக்கா · காலை 10:04
எங்கள் லீக்கில் ட்ரேடில் சம்பந்தப்படாத இருவரை வருட ஆரம்பத்திலேயே தேர்ந்தெடுத்துவிடுவோம். சந்தேகம் வந்தால் ட்ரேட் செய்தவர்கள் இருவரும் ஏன் செய்தோம் என்று அவர்களிடம் விளக்கவேண்டும். விளக்கம் கேட்டாலே பாதிச் சண்டை அடங்கிவிடும். வயதானவரை ஏன் வாங்கினாய் என்றெல்லாம் அங்கே கேட்கமாட்டோம், பெர்சி சார்.

பெர்சி பழையவர் · காலை 10:15
கேட்கவேண்டிய கேள்விதான் அம்மா அது. சீசன் முடிந்ததும் பேசுவோம்.

பிளேனோ புதியவன் · 27 ஆகஸ்ட், காலை 7:05
அன்றைக்கு மதியமே சரி கொடுத்தேன். மூன்று பேர் வீட்டோ போட்டார்கள், நான்கு தேவை. நேற்று லாம் நான்கு வருடத்துக்கு 13.6 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டுவிட்டார். நன்றி.

சிகாகோ குளிர் · காலை 7:22
வாழ்த்துகள். இரண்டு பேர் போனதால் பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருக்கும். கானருக்குப் பின்னால் அரிசோனாவில் ட்ரே பென்சன் என்ற புதுப் பையன் இருக்கிறார். யாரும் எடுக்கவில்லை என்றால் இன்றைக்கே போடுங்கள்.

பிளேனோ புதியவன் · காலை 7:30
அவர் போய்விட்டார். ஹென்றியை வாங்கினவரே நேற்று இரவு எடுத்துவிட்டார்.

கணக்குப்பிள்ளை · காலை 7:48
அப்படியானால் மினசோட்டா டை சாண்ட்லரைப் பாருங்கள். அங்கே முதல் ஆள் ஏரன் ஜோன்ஸ், போன வருடம் பல ஆட்டங்கள் காயத்தில் உட்கார்ந்தவர். செப்டம்பர் 5 முதல் ஆட்டத்துக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். சீசன் தொடங்கிவிட்டால் வேவர் வரிசையில் நிற்கவேண்டியிருக்கும்.