பீங்கான் வனையும் பொடிக்கு ஒரு பெயர்

மொழிபெயர்ப்பாளர்:
கலைச்சொல் குழு அன்பர்களுக்கு வணக்கம். சிறு மட்பாண்டக் கூடங்களுக்கான கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குச் செல்கிறது. பிசைந்த பதத்தில் விற்கப்படும் மண்ணின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீரே என்பதால், தொலைவிலிருந்து தருவிப்போர் நீரற்ற நிலையில் வாங்கித் தாமே குழைத்துக்கொள்வது சிக்கனம் என்று அதில் ஓர் அதிகாரம் சொல்கிறது. அப்படிப் பொடியாக விற்கும் பீங்கான் மண்ணுக்கு 'உலர் பீங்கான் களிமண்' என்று எழுதியிருக்கிறேன். திருத்தம் உண்டெனில் தெரிவியுங்கள்.

வனைஞர்:
ஐயா, அச்சொல்லை நம்பிச் செல்பவர் சீனக்களிமண்ணோடு திரும்பிவிடுவார். அது கயோலின் என்னும் வெண்களிமண் மட்டுமே. பீங்கானுக்குரிய மண்ணில் கயோலின் ஏறத்தாழப் பாதிதான். எஞ்சியதைப் பெல்ஸ்பார், குவார்ட்சு என்னும் கனிமங்கள் நிரப்புகின்றன. 1280 முதல் 1300 பாகை செல்சியசு வரையான சூளை வெப்பத்தில் பெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகித் துகள்களைப் பிணைப்பதால்தான் கலம் நீரை உறிஞ்சாத இறுக்கம் பெறுகிறது. கயோலினைத் தனியே சுட்டால் அதே வெப்பத்திலும் நுண்துளைகள் மூடுவதில்லை. சக்கரத்தில் வனைவதற்கு வேண்டிய இழைவும் அதற்குப் போதாது. ஆகவே மூட்டையில் இருப்பது மூலப்பொருளா, கலந்து முடித்ததா என்பதைப் பெயரே காட்ட வேண்டும். மேலும், வனைந்து முழுக்கக் காய்ந்த, இன்னும் சுடாத கலத்தையும் நாங்கள் 'உலர்ந்தது' என்றே சொல்கிறோம். 'பீங்கான் பொடிக்கலவை' என்பது என் பரிந்துரை.

இலக்கண அன்பர்:
'உலர்மண்' வினைத்தொகையாகி உலர்ந்த, உலர்கின்ற, உலரும் என முக்காலத்தையும் தாங்குமாதலால், வனைஞரின் ஐயம் இலக்கண வழியிலும் சரியே. ஆனால் 'பீங்கான்' பாரசீகத்திலிருந்து வந்த சொல். புறநானூற்றின் 32ஆம் பாட்டில் வேட்கோச் சிறார், அதாவது குயவர் பிள்ளைகள், தேர்க்காலில் (வனையும் சக்கரத்தில்) வைப்பது பசுமண். அது ஈரமும் இழைவும் உள்ளது. 660ஆம் குறள் கூறும் பசுமண் கலமோ வனைந்தும் சுடப்படாதது. ஆக, சுடுவதற்கு முந்தைய நிலைகளுக்கெல்லாம் பசுமை பொதுவாக நிற்க, அவற்றுள் ஈரம் நீங்கியதை 'வறன்' என்று பிரித்துக்கொள்ளலாம். 'வெண்வறன்மண்' என்பதை முன்வைக்கிறேன்.

பயிற்றுநர்:
வெண்வறன்மண் என்றால் என் மாணவர்கள் மழை பொய்த்த நிலத்தைத்தான் நினைப்பார்கள். 'பொடி' என்ற சொல் வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இதிலுள்ள நுண்ணிய சிலிக்காத் தூசி நாள்பட நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும். பெயரிலேயே பொடி என்றிருந்தால், தூசி புகாத முகக்கவசம் அணிய வேண்டும், பொடியின் மேல் நீரை ஊற்றாமல் நீரில் பொடியைத் தூவ வேண்டும், சிந்தியதைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும் என்ற அறிவுரைகளுக்கு வாசகர் முன்பே ஆயத்தமாகிவிடுவார். தனித்தமிழா என்ற கேள்வி அதற்கு அடுத்ததுதான்.

மொழிபெயர்ப்பாளர்:
பெரும்பாலோர் சாயும் பக்கமே நானும் சாய்ந்து, 'பீங்கான் பொடிக்கலவை' என்று அச்சுக்கு அனுப்புகிறேன். மூலப்பொருளைக் குறிக்கும் இடங்களில் 'சீனக்களிமண்' என்றிருக்கும். அனைவருக்கும் நன்றி.

இலக்கண அன்பர்:
பாரசீகத்தைப் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் மெருகுப் பூச்சும் பொடியாகத்தான், கலவையாகத்தான் விற்கப்படுகிறது. 'மண்' என்ற சொல்லே இல்லாத இப்பெயரைக் கண்டு ஒருவர் பூச்சுப்பொடியை வாங்கிவந்து பிசைய முற்பட்டால் குழு என்ன விடை சொல்லும்? 'பீங்கான் மண்பொடி' என்றாவது இட்டிருக்கலாம். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.