பி0011 கோடு, சூடானதும் ஐடிலிங் ஆடுது: ஃபேஸர் மாத்தித்தான் ஆகணுமா?

ஆற்காடு_பெட்ரோல்:
வணக்கம். 1.2 லிட்டர் பெட்ரோல், இன்டேக் பக்கம் மட்டும் விவிடி (வால்வு திறக்கிற நேரத்தை மாத்துற சிஸ்டம்), டைமிங் செயின், 86,000 கி.மீ. காலைல ஸ்டார்ட் பண்ணா பிரச்சினை இல்ல. ராணிப்பேட்டையிலிருந்து ஹைவேல வந்து கிரீன் சர்க்கிள் நெரிசல்ல நின்னா ஐடிலிங் ஆடுது, சில சமயம் ஆஃப் ஆயிடுது. ஸ்கேனர்ல பி0011 மட்டும்தான். அழிச்சாலும் திரும்ப வருது. கேம் சென்சார் புதுசு போட்டும் அப்படியேதான் இருக்கு. போன சர்வீஸ்ல "வேலூர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்"னு 20டபிள்யூ-50 ஊத்தியிருக்காங்க. இப்ப ஃபேஸர் (கேம் ஷாஃப்ட்டை முன்ன பின்ன திருப்புற பாகம்), செயின் கிட் ரெண்டும் மாத்தச் சொல்றாங்க. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

காட்பாடி_ஸ்பேனர்:
ஃபேஸரை இப்ப தொடாதீங்க. பி0011னா இன்டேக் கேம் ஷாஃப்ட், ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) கேட்டதைவிட முன்னாடி போய் நிக்குதுன்னு அர்த்தம். எந்தப் பார்ட் கெட்டுச்சுன்னு அது சொல்லாது. சென்சார் கோளாறுன்னா பெரும்பாலும் பி0340 வந்திருக்கும். ஓசிவி (ஃபேஸருக்கு ஆயிலை அனுப்புற, கரண்ட்ல இயங்குற வால்வு) வயர், காயில் போயிருந்தா பி0010. செயின் நீண்டிருந்தா, பல் தாண்டியிருந்தா பி0016 கூடவே வரும். உங்களுக்கு இது மூணும் இல்ல. அப்ப சந்தேகம் ஆயில் மேலயும் ஓசிவி வால்வு மேலயும்தான்.

வெளிய 42 டிகிரி அடிச்சாலும், கூலிங் சிஸ்டம் சரியா இருந்தா எஞ்சினுக்குள்ள ஆயில் சூடு கிட்டத்தட்ட ஒரே அளவுலதான் நிக்கும். வெயிலுக்குக் கெட்டி ஆயில்ங்கிறது பழைய எஞ்சின் காலத்துப் பேச்சு. விவிடில கேமைத் திருப்புறதே ஆயில் பிரஷர்தான். ஓசிவிக்குள்ள நகர்ற உருளைக்கு, அதாவது ஸ்பூலுக்கு, இடைவெளி ரொம்பக் கம்மி. கெட்டி ஆயில் அதுல மெதுவா ஓடும், கேம் நேரத்துக்குத் திரும்பி வராது. மேனுவல்ல 5டபிள்யூ-30 போட்டிருந்தா அதுதான், இல்ல 0டபிள்யூ-20ன்னா அதுதான். ஃபில்டரும் சேர்த்து மாத்துங்க. நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாத போலி ஃபில்டர் போட்டா, நிறுத்தினதும் ஆயில் கீழ இறங்கிடும். காலைல முதல் ஸ்டார்ட்ல ஒரு செகண்டு கடகடன்னு சத்தம் கேட்கும்.

சத்துவாச்சாரி_ஸ்கேன்:
ஆயில் மாத்துறதுக்கு முன்னாடி இப்ப இருக்கிற நிலைமையை ரீடிங் எடுத்து வைங்க. லைவ் டேட்டாவுல கேம் டார்கெட் (ஈசியூ கேட்கிறது), கேம் ஆக்சுவல் (நிஜத்துல நிக்கிறது) ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. சின்ன புளூடூத் ஸ்கேனர்ல இது பெரும்பாலும் வராது, கம்பெனி டேட்டா படிக்கிற ஸ்கேனர் வேணும். சூட்டுல ஐடிலிங்ல டார்கெட் 0 காட்டி ஆக்சுவல் 15, 20ன்னு நின்னா, கேம் மாட்டிக்கிச்சு.

அப்படியே எஞ்சின் ஓடும்போதே ஓசிவி கப்ளரைக் கழட்டுங்க. ஐடிலிங் உடனே சரியாச்சுன்னா வால்வுக்கு வர்ற கரண்ட்லதான் தப்பு. வயர் எங்கயாவது பாடில உரசுதான்னு தேடுங்க. கழட்டியும் ஆக்சுவல் இறங்கலைன்னா ஸ்பூல் சிக்கியிருக்கு, இல்லைன்னா ஃபேஸரைப் பூட்டி வைக்கிற லாக் பின் கோளாறு. கழட்டினதால பி0010 வரும், அதை அழிச்சுக்கலாம். எலக்ட்ரிக் மோட்டார் விவிடி வண்டிக்கு இந்த டெஸ்ட் பொருந்தாது.

குடியாத்தம்_கேரேஜ்:
ஓசிவியைக் கழட்டிப் பார்க்க அரை மணி நேரம் போதும். எஞ்சின் ஆறட்டும். பெரும்பாலும் 10 எம்எம் போல்ட் ஒண்ணுதான், வால்வை லேசா திருப்பிக்கிட்டே இழுங்க. மல்டிமீட்டர்ல காயில் பாருங்க: நிறைய வண்டில 7 ஓம் பக்கம், சிலதுல 12 வரைக்கும். உங்க வண்டிக்கு மேனுவல் அளவுதான் கணக்கு. அப்புறம் 12 வோல்ட் ஒரு செகண்டு மட்டும் கொடுங்க. "டக்"னு சத்தம் வந்தா மட்டும் போதாது. பக்கவாட்டு ஓட்டை வழியா ஸ்பூல் முழுசா நகர்ந்து, கரண்ட் எடுத்ததும் முழுசா திரும்புதான்னு கண்ணால பாருங்க. பாதில நின்னா அதுதான் குற்றவாளி.

வால்வு மேலயோ ஹெட்ல தனி போல்ட்டுக்கு உள்ளயோ ஒரு சின்ன வலை இருக்கும். டாப்பெட் கவருக்குச் சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசியிருந்தா, அது பிசிறு பிசிறா உடைஞ்சு இந்த வலையிலதான் வந்து ஒட்டும். கார்ப் கிளீனர் அடிச்சுக் கழுவுங்க, கம்பி விட்டுக் குத்தாதீங்க. ஓ-ரிங் புதுசு, ஆயில் தடவிப் போடுங்க. அலுமினியம் ஹெட், போல்ட்டை 10 நியூட்டன் மீட்டர் பக்கம் நிறுத்துங்க. பலம் காட்டினா மரை போயிடும்.

ஆற்காடு_பெட்ரோல்:
நன்றி அண்ணா. உள்ள கறுப்புக் களிம்பு இருந்தா ஃப்ளஷ் ஊத்தலாமா?

காட்பாடி_ஸ்பேனர்:
கனமா படிஞ்சிருந்தா வேணாம். ஒரே நேரத்துல உதிர்ந்து ஆயில் பம்ப் வடிகட்டியை அடைச்சா எஞ்சினே போயிடும். சரியான கிரேடு ஊத்தி, ஆயிரம் கி.மீ.ல ஒருதடவை ஃபில்டரோட மாத்திடுங்க. அதுக்கப்புறமும் சூட்டுல கேம் 0-க்கு வரலைன்னா, ஆயில் பிரஷர் சுவிட்ச் ஓட்டைல கேஜ் மாட்டி ஐடிலிங் பிரஷரைப் பாருங்க. பிரஷர் மேனுவல் அளவுக்கு இருந்து, ஓசிவியும் நல்லா இருந்தா மட்டும் ஃபேஸர் வாங்குங்க. செயின் கவர் திறக்கும்போது, செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் எவ்வளவு வெளிய வந்திருக்குன்னு பாருங்க, செயின் மாத்தணுமா வேணாமான்னு அது சொல்லிடும்.